பாசன நீர்க் கணக்கும் கனிப்பொருள்களின் கரைதிறன் எண்களும்

கிணற்று இறவையை நம்பிச் சாகுபடி செய்யும் குடியானவர்களுள் பலர், தங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி அதன் குணத்தை அறிந்துகொள்கின்றனர். பரிசோதனைத் தாளில் கால்சியம், மக்னீசியம், சோடியம், பைகார்பனேட்டு, ஸல்பேட்டு முதலியவற்றின் அளவுகள் குறிக்கப்பெற்றிருக்கும். இவ்வளவுகள், நீரைச் சீசாவில் பிடித்த காலத்தில் அதில் கரைந்திருந்தவற்றை மட்டுமே தெரிவிப்பனவாம். அந்நீர் வாய்க்காலில் ஓடிப் பாத்தியில் தேங்கி வெயிலில் சுண்டும்பொழுது, எப்பொருள் கரைந்தபடியே நிற்கும், எப்பொருள் கல்லாகப் படியும் என்பதைத் தாளிலுள்ள அளவுகள் தாமே கூறமாட்டா. அதனைக் கணித்தே அறிதல் வேண்டும்.

இக்கணக்கு வீண் ஆராய்ச்சியன்று. நீரிலுள்ள கால்சியம் சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிட்டால், மண்ணின் களிப்பகுதியைப் பற்றி நிற்கச் சோடியமே எஞ்சும். சோடியம் மிகுந்த களி, நீர் பட்டவுடன் குழைந்து, காய்ந்தவுடன் இறுகி, வேருக்குக் காற்றும் நீரும் செல்லாதபடி அடைத்துக்கொள்ளும். களர் நிலம் உண்டாவது பெரும்பாலும் இவ்வாறுதான். ஆதலால், ‘இந்நீரில் சுண்ணாம்பு படியுமா?’ என்னும் கேள்விக்குத் தவறான விடை கிடைப்பின், ஜிப்சம் இடவேண்டிய நிலத்திற்கு அது வேண்டுவதில்லை என்று யோசனை கூறப்படும். சில ஆண்டுகளில் நிலம் கெடும்.

இத்தகைய கணக்கிற்கு முதலில் எளிய வழி வகுத்தவர் அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த லாஞ்ஜலியர் என்பவர். 1936-ல் அவர் வெளியிட்ட முறை, நகரங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய்களின் பொருட்டு ஏற்பட்டது. நிலத்திற்கு அது பின்னரே பயன்பட்டது. பிற்காலத்தில் ஒரே நீரில் பல பத்துக் கனிப்பொருள்களின் நிலையையும் ஒருங்கே கணிக்கக் கணிப்பொறி உதவியது. அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த டுரூஸ்டெல், ஜோன்ஸ் என்னும் இருவர் 1974-ல் ‘வாட்டெக்’ என்னும் கணிப்புமுறையை வெளியிட்டனர். அத்துறையினின்றே 1980-ல் ‘பிரீக்கீ’ என்பதும், 1995-ல் அதன் வழித்தோன்றலாகிய ‘பிரீக்சி’ என்பதும் வெளிவந்தன. பிந்தியது பார்க்கர்ஸ்ட் என்பவராலும், பின்னர் ஒல்லாந்து தேசத்து அப்பெலோ என்பவருடைய கூட்டுறவாலும் விரிவடைந்து, உலகில் பல நாடுகளிலும் வழங்கி வருகின்றது. இம்முறைகள் யாவும் ஓர் அட்டவணையை ஆதாரமாகக் கொண்டவை. கனிப்பொருள் ஒவ்வொன்றும் எவ்வாறு கரைகின்றது, எவ்வளவு கரைகின்றது என்பவை அதில் பதியப்பெற்றிருக்கும். கணிப்பொறி எத்துணை விரைவாகக் கணக்கிடினும், அட்டவணையில் உள்ள எண் தவறாயின் விடையும் தவறேயாம்.

கரைதிறன் எண் என்பது யாதெனில், கனிப்பொருள் ஒன்று நீரில் இனிக் கரைய இயலாத எல்லைவரை கரைந்து நிற்கும்பொழுது, அதினின்று பிரிந்த அயனிகளின் செயல்வலிமைகளைப் பெருக்கி வரும் தொகையாகும். குறித்த உஷ்ணநிலையில் இத்தொகை மாறுவதில்லை. ஆகவே அதனைக் கரைதிறன் மாறிலி என்பர். சுண்ணாம்புக் கல்லின் முக்கிய கனிப்பொருளாகிய கால்சைட்டு, கால்சியம் அயனியாகவும் கார்பனேட்டு அயனியாகவும் பிரியும். இவ்விரண்டின் பெருக்கம் 25 டிகிரி சென்டிகிரேடில் மிகச் சிறிய பின்னமாதலால், அதனை அப்படியே எழுதாமல் லாகரிதம் என்னும் மடக்கையாக -8.48 என்று எழுதுவது வழக்கம். மடக்கையில் 1 குறைந்தால் உண்மைத் தொகை பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று கொள்க.

நீரில் உள்ள பெருக்கத்தின் மடக்கையிலிருந்து இம்மாறிலியைக் கழித்தால் கிடைப்பது பூரிதக் குறியெண். அது பூஜ்யமாயின் நீரும் கல்லும் சமநிலையில் உள்ளன. பூஜ்யத்திற்கு மேற்படின் கல் படியும் போக்கும், கீழ்ப்படின் கரையும் போக்கும் உண்டு.

உதாரணமாக, ஒரு கிணற்று நீரில் லிட்டருக்குக் கால்சியம் 60 மில்லிகிராமும் பைகார்பனேட்டு 336 மில்லிகிராமும் இருப்பதாகக் கொள்வோம். மற்ற உப்புக்கள் மிதமாயிருப்பின், கால்சியத்தின் செயல்வலிமை மடக்கை சுமார் -3.00, பைகார்பனேட்டினுடையது சுமார் -2.30 ஆகும். கிணற்றுக்குள் நீரின் பி.எச். எண் 7.0 ஆயின், கால்சைட்டின் பூரிதக் குறியெண் ஏறத்தாழ -0.15, அதாவது படியும் போக்கு இல்லை. அதே நீர் வாய்க்காலில் ஓடும்பொழுது, நிலத்தடியில் அது ஏற்றிருந்த கரியமிலவாயு காற்றில் வெளியேறிவிடும், பி.எச். எண் 8.0-க்கு உயரும். அப்பொழுது குறியெண் +0.85 ஆகும். சமநிலைக்கு வேண்டியதைப்போல் ஏழு மடங்கு பெருக்கம் அந்நீரில் உள்ளதென்பது இதன் பொருள். இறைத்துப் பல ஆண்டுகள் ஆன கிணறுகளின் தொட்டியிலும் வாய்க்கால் ஓரத்திலும் வெள்ளைப் பொருக்கு ஏற்படுவதன் காரணம் இதுவே.

இனி, இம்மாறிலியை அட்டவணையில் பதியும் விதம் கவனிக்கத்தக்கது. ஒரு கனிப்பொருளின் பதிவில் அதன் பெயர், அது கரையும் சமன்பாடு, மடக்கை, உஷ்ணத்தால் ஏற்படும் மாறுதலைக் காட்டும் எண்கள் ஆகியவை அடங்கும். இவற்றுள் சமன்பாடும் மடக்கையும் பிரிக்கவொண்ணாதவை. எண் மட்டும் தனித்து ஒன்றையும் உணர்த்தாது.

கால்சைட்டையே எடுத்துக்கொள்க. ‘பிரீக்சி’யுடன் வழங்கும் பொதுவான அட்டவணையில், அது கால்சியமாகவும் கார்பனேட்டாகவும் பிரிவதாக எழுதி -8.48 என்று பதிந்துள்ளனர். கலிபோர்னியாவிலுள்ள லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிச் சாலையின் வழிவந்த அட்டவணையிலோ, கால்சைட்டு ஹைட்ரஜன் அயனி ஒன்றை ஏற்றுக் கால்சியமாகவும் பைகார்பனேட்டாகவும் மாறுவதாக எழுதி, மடக்கையை 1.85 என்று பதிந்துள்ளனர். ஒன்று பூஜ்யத்திற்கு மிகக் கீழே, மற்றொன்று அதற்கு மேலே. பழக்கமற்றவர்க்கு இவை இருவேறு பொருள்களைக் குறிப்பனபோல் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒன்றையே கூறுகின்றன. பைகார்பனேட்டு, கார்பனேட்டாகப் பிரிவதற்குரிய மடக்கை -10.33, 1.85-உடன் இதனைக் கூட்டினால் -8.48 வந்துவிடும்.

இரண்டாம் அட்டவணையின் எண்ணை எடுத்து முதல் அட்டவணையின் சமன்பாட்டிற்கு எதிரே எழுதிவிட்டால் நேரும் விபரீதத்தை மேற்கூறிய நீரைக்கொண்டே காணலாம். வாய்க்காலில் +0.85 ஆக இருக்கவேண்டிய குறியெண் -9.48 என்று வரும். சுண்ணாம்பைக் கோடிக்கணக்கான மடங்கு கரைக்கவல்ல நீர் என்று கணக்குச் சொல்லும். வாய்க்கால் ஓரத்திலோ வெள்ளைப் பொருக்கு கண்ணெதிரே நிற்கும். சமன்பாட்டின் இருபுறமும் தனிமங்களும் மின்னேற்றமும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் கணிப்பொறி தானே சரிபார்த்துக்கொள்ளும். எண் அச்சமன்பாட்டிற்கு உரியதுதானா என்பதை அது அறியமாட்டாது.

இவ்வளவு பெரிய பிழையை யாரும் எளிதிற் கண்டுபிடித்துவிடுவர் என்பதும் உண்மையே. அஞ்சத்தக்கவை சிறு பிழைகள்தாம். உஷ்ணத்தைக் குறிக்கும் எண்ணில் இத்தகைய பிழை மிகுதி. கால்சைட்டு, சர்க்கரையையும் கறியுப்பையும் போலன்றி, சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். பிளம்மர், பூசன்பர்க் என்னும் இருவர் 0 முதல் 90 டிகிரி வரையில் அளந்து 1982-ல் வெளியிட்ட வாய்பாட்டின்படி, அதன் மடக்கை 25 டிகிரியில் -8.48, 30 டிகிரியில் -8.51, 35 டிகிரியில் -8.54 ஆகும். குளிர்நாட்டு வழக்கப்படி 25 டிகிரிக்குரிய எண்ணையே தமிழ்நாட்டுக் கோடையில் பாத்தியில் நிற்கும் நீருக்கும் வைத்துக்கொள்வது பொருத்தமன்று. இம்மாறுதலைக் காட்டும் வெப்ப எண் கால்சைட்டிற்கு -2.297 கிலோ காலரி. ஜூல் கணக்கில் அது -9.61 கிலோ ஜூல். அலகைக் குறிப்பிடாமல் விட்டால் ‘பிரீக்சி’ அதனைக் கிலோ ஜூல் என்றே கொள்ளும். காலரி எண்ணை அலகின்றி எழுதியவர் உஷ்ணத்தின் விளைவை நாலில் ஒன்றாகக் குறைத்தவராவர். எவ்வித எச்சரிக்கையும் வராது. விடையும் நம்பத்தக்கதாகவே தோன்றும்.

அடுத்து, பெயர் பற்றிய விஷயம். ஒரே இரசாயனச் சேர்க்கை, உள்ளணு அமைப்பினால் வேறுபட்டுப் பல கனிப்பொருள்களாகும். கால்சியம் கார்பனேட்டு பாறையிலும் சுக்கான்கல்லிலும் பெரும்பாலும் கால்சைட்டாக உள்ளது. நத்தையோட்டிலும் பல கிளிஞ்சல்களிலும் அது அரகோனைட்டு என்னும் வேறு உருவில் உள்ளது. பின்னதன் மடக்கை -8.34. இதன் பெருக்கம் கால்சைட்டினுடையதைவிட 100-க்கு 39 வீதம் அதிகம். ஆகையால் ‘கால்சியம் கார்பனேட்டு’ என்று மட்டும் பெயரிட்டு ஓர் எண்ணைப் பதிவது, ‘நெல்’ என்று மட்டும் எழுதி வயதைக் குறியாமல் விதை அனுப்புவது போன்றதே.

மணற்சத்தாகிய சிலிகாவில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. வெங்கச்சங்கல் என்று வழங்கும் குவார்ட்ஸின் மடக்கை -3.98, ஒழுங்கான படிக அமைப்பில்லாத சிலிகாவின் மடக்கை -2.71. முன்னது லிட்டர் நீரில் 6 மில்லிகிராம் அளவே கரையும்; பின்னது ஏறத்தாழ 117 மில்லிகிராம் கரையும். நெல் உமியிலும் வைக்கோலிலும் பயிர் சேர்த்து வைக்கும் சிலிகா இப்பின்னைய இனத்தைச் சார்ந்தது. நெல்லின் தண்டு உறுதிக்கு வேண்டிய இச்சத்தை, ஆற்று மணல் நிறைந்த வயல் ஏராளமாகத் தரும் என்று எண்ணுவதும், மட்கிய வைக்கோலைப் பொருட்படுத்தாமல் விடுவதும், இரண்டு எண்களையும் ஒன்றாகக் கொண்டதன் பயனாகும்.

நீர் வடிந்த நன்செய்யில் காணப்படும் செந்நிறத் துரு மற்றோர் உதாரணம். புதிதாகப் படிந்த இத்துருவின் மடக்கை 4.89; அதுவே நாளடைவில் முதிர்ந்து கோயிதைட்டு என்னும் படிகமாக மாறியபின் -1.0. இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏழே முக்கால் லட்சம் மடங்கிற்கு மேற்படும். வயலில் உள்ளது இளந்துருவா, முதிர்ந்த துருவா என்று அறியாமல் அட்டவணையில் முதலிற் கண்ட பெயரைத் தேர்ந்தெடுத்தவர், இரும்புச் சத்தின் அளவைப்பற்றி எவ்விடையையும் பெறக்கூடும்.

ஜிப்சத்தின் கணக்கு குடியானவருக்கு நேரே பயன்படுவது. திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஊட்டத்தூர்ப் பக்கத்துக் களிப்பாறைகளில் நரம்புபோல் ஓடும் இக்கல்லைத் தூளாக்கிக் களர் நிலத்திற்கு இடுவது நெடுநாள் வழக்கம். அதன் மடக்கை -4.58. கால்சியமும் ஸல்பேட்டும் சமமாகப் பிரிவதால், இப்பெருக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்தால் போதுமென்று பள்ளிக் கணக்கு கூறும். அவ்வாறு செய்தால் லிட்டருக்கு 0.88 கிராம் ஜிப்சம் கரையும் என்று வரும். சுத்த நீரில் 25 டிகிரியில் உண்மையாகக் கரைவதோ ஏறத்தாழ 2.6 கிராம்.

மாறிலி தவறா எனின், அன்று. அது அயனிகளின் செயல்வலிமையைப் பற்றியது, அளவைப் பற்றியதன்று. நீரில் அயனிகள் நெருங்க நெருங்க, ஒவ்வொன்றும் எதிர் மின்னேற்றமுள்ளவற்றாற் சூழப்பட்டுத் தன் வலிமையில் ஒரு பகுதியை இழக்கின்றது. ஜிப்சம் பூரிதமாகக் கரைந்த நீரில் இவ்வலிமை பாதியளவிற்குக் குறைந்துவிடும். அன்றியும் கரைந்த கால்சியத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு, ஸல்பேட்டுடன் இணைந்து அயனி இணையாக, மின்னேற்றமின்றி நீரில் மிதக்கின்றது. இவ்விணை பெருக்கக் கணக்கில் சேராது. கரைந்த ஜிப்சத்தில் சேரும். ஆகவே ஜிப்சத்தின் மாறிலியோடு, அயனி இணையின் மாறிலியும், வலிமை குறைவதைக் கணிக்கும் வாய்பாடும் ஒரு குடும்பமாக நின்றால்தான் 2.6 கிராம் என்னும் உண்மை விடை கிட்டும். அட்டவணை தொகுத்தவர்கள் ஜிப்சத்தின் எண்ணைச் சோதனைச் சாலை அளவுகளினின்று வருவிக்கும்பொழுதே, தாங்கள் கொண்ட இணை மாறிலியைக் கொண்டே வருவித்திருப்பர். ஓர் அட்டவணையிலிருந்து ஜிப்சத்தின் எண்ணையும், மற்றொன்றிலிருந்து இணையின் எண்ணையும் எடுத்துச் சேர்ப்பது, இரண்டும் தனித்தனியே நல்லவையாயினும், கூடாத காரியம்.

வயலில் இதன் பயன் வருமாறு. ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் நிற்கும் நீர் ஏறத்தாழ 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். உண்மைக் கணக்கின்படி அது 267 கிலோ ஜிப்சத்தைக் கரைக்கும். 1 டன் கரைய மூன்றே முக்கால் அங்குல நீர் போதும். வர்க்கமூலக் கணக்கின்படியோ அதற்கு 11 அங்குல நீர் வேண்டும். கோடைக் கடைசியில் கிணற்றில் உள்ள நீரைக் கணக்குப் பார்த்து நிலத்தைத் திருத்த முற்படுபவருக்கு, பிந்திய எண் வேலையையே கைவிடச் செய்யும். களர் மண்ணில், கரைந்த கால்சியத்தைக் களி உடனே ஏற்றுக்கொண்டு சோடியத்தை வெளிவிடுவதால், ஜிப்சம் இன்னும் எளிதாகவே கரையும் என்பதையும் நினைவிற் கொள்ளலாம். பொடி நயமாக இருத்தலும், நீர் சில நாட்கள் தேங்கி நிற்றலும் வேண்டும். மேற்கண்ட கணக்கு கரையக்கூடிய எல்லையைச் சொல்வதன்றிக் கரையும் வேகத்தைச் சொல்வதன்று.

எல்லைக்கும் வேகத்திற்குமுள்ள இவ்வேறுபாட்டை டோலமைட்டு என்னும் கனிப்பொருள் நன்கு விளக்கும். இது கால்சியமும் மக்னீசியமும் கலந்த கார்பனேட்டு, மடக்கை -17.09. முன்சொன்ன கிணற்று நீரில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் மக்னீசியமும் இருக்குமாயின், வாய்க்காலில் டோலமைட்டின் பூரிதக் குறியெண் ஏறத்தாழ 1.4 ஆகும். இது கால்சைட்டிற்கு வந்த 0.85-ஐவிட அதிகம். ஆயினும் வாய்க்காலில் படிவது கால்சைட்டே. சாதாரண உஷ்ணத்தில் டோலமைட்டு நீரினின்று நேரே உருவாவது மிக அரிது. பூரிதமான ஒவ்வொரு கனிப்பொருளும் படிந்துவிடும் என்று கணிப்பொறிக்குக் கட்டளையிட்டால், அது மக்னீசியம் முழுவதையும் காகிதத்தின்மேல் கல்லாக்கிவிடும். எக்கனிப்பொருளைப் படிய விடுவது, எதனை விலக்குவது என்பது மண்ணைக் கண்டறிந்தவர் தீர்மானிக்கவேண்டியது.

ஈட்டன் என்பவர் 1950-ல் வெளியிட்ட எஞ்சிய சோடியம் கார்பனேட்டு முறையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பைகார்பனேட்டு, கார்பனேட்டு ஆகியவற்றின் சமான அளவினின்று கால்சியம், மக்னீசியம் இவற்றின் அளவைக் கழித்து, மீதி 1.25-க்கு உட்பட்டால் நீர் நல்லதென்றும், 2.5-க்கு மேற்பட்டால் ஆகாதென்றும் கொள்வர். 1954-ல் ரிவர்சைடு உவர்நில ஆராய்ச்சிச் சாலையின் கைநூல் இவ்வெல்லைகளைப் பரப்பியது. எடுத்துக்காட்டிய நீருக்கு மீதி 1.5, அதாவது ஐயத்திற்குரிய நடுத்தரம். இம்முறை கால்சியமும் மக்னீசியமும் முழுவதும் படிந்துவிடும் என்று வைத்துக்கொண்டது. கரைதிறன் மாறிலி அதில் இடம்பெறவில்லை. எளிமை கருதி இன்றும் வழங்குவது நியாயமே. ஆயினும் நடுத்தரமான நீர்களில் தீர்ப்புச் சொல்ல அது போதாது. அத்தகைய நீர்களுக்கே கனிப்பொருள் கணக்கு பெரிதும் வேண்டப்படுகின்றது.

குடிநீருக்கும் இக்கணக்கு தொடர்புடையது. தர்மபுரி முதலிய ஜில்லாக்களில் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து, பல்லிலும் எலும்பிலும் நோய் விளைவித்திருப்பது அறிந்ததே. நீரில் புளோரைடு எவ்வளவு ஏறலாம் என்பதற்குப் புளோரைட்டு என்னும் கனிப்பொருள் வரம்பு கட்டுகின்றது. அதன் மடக்கை -10.6. ஒரு கால்சியத்திற்கு இரண்டு புளோரைடு பிரிவதால், கால்சியத்தின் வலிமை நாலில் ஒன்றாகக் குறைந்தால் புளோரைடின் வரம்பு இருமடங்காகும். கால்சைட்டு படிந்து கால்சியம் குறைந்த நீர், சுண்ணாம்பு குறைந்து மிருதுவாயிற்றென்று மகிழத்தக்கதன்று. அதுவே புளோரைடு ஏறுவதற்கு இடங்கொடுத்த நீராகலாம். இதனைக் கால்சைட்டின் எண்ணும் புளோரைட்டின் எண்ணும் ஒரே அட்டவணையில் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றாலன்றிக் கணித்தறிய இயலாது.

நீரைப் பரிசோதனைக்கு அனுப்புவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பி.எச். எண்ணையும் நீரின் உஷ்ணத்தையும் கிணற்றடியிலேயே அளந்து சீட்டில் குறித்தல் நன்று. சீசாவில் காற்றுக்கு இடமின்றி கழுத்துவரை நிரப்பி இறுக மூடியனுப்புதல் வேண்டும். பாதி நிரம்பிய சீசா இரண்டு நாள் வழியில் குலுங்கினால் கரியமிலவாயு வெளியேறி, பி.எச். உயர்ந்து, சுண்ணாம்பு சீசாவின் அடியிலேயே படிந்திருக்கும். பரிசோதனைச் சாலையில் அளக்கப்படும் கால்சியம் கிணற்றில் இருந்ததைவிடக் குறைவாயிருக்கும். முடிவைப் பெறும்பொழுது, குறியெண் எக்கனிப்பொருளுக்கு, எவ்வுஷ்ணத்தில், எவ்வட்டவணையைக் கொண்டு கணிக்கப்பட்டதென்று எழுதியிருக்கின்றதா எனப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே கிணற்றின் இவ்வாண்டுக் குறியெண்ணையும் சென்ற ஆண்டுக் குறியெண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, இரண்டும் ஒரே அட்டவணையின்படி கணிக்கப்பட்டிருந்தால் மட்டுமே கூடும்.